துவாயில் சுற்றி வந்த நாலு போன்

எங்கள் இசைக்குழுவில் நான் இரண்டாம் வயலின். முதல் வயலின்காரர்கள் ராகத்தை எடுத்துக்கொண்டு போவார்கள், நாங்கள் கீழே நின்று முட்டுக் கொடுப்போம். கைதட்டல் அவர்களுக்கு. பிழை விட்டால் மட்டும் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். இதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை, நான் வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறேன். புதுக்கடையில், கொழும்பு நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பல வருடங்களாக மற்றவர்களுடைய சத்தியக்கடதாசிகளைத் தட்டச்சு செய்கிறேன். 'கீழே கையொப்பமிடும் நான் உண்மையாகவும் நேர்மையாகவும் வெளிப்படுத்துவதாவது' என்ற வசனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அடித்து அடித்து அதில் உள்ள 'உண்மை' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே எனக்கு மரத்துப் போய்விட்டது போலிருக்கிறது.

ஞாயிறு பின்னேரம் கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவோம். இருபது பேர் வந்தால் அன்று எங்களுக்குத் திருவிழா. மருந்துக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஐயா ஒருவர் செலோ வாசிப்பார். வங்கியில் இருந்து இளைப்பாறியவர் கிளாரினெட். இசையை நடத்துபவர் நுகேகொடையில் இருந்து பஸ் ஏறி வரும் ஒரு சிங்களவர். யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர், மண்டபத்து மின்விசிறியோடு மட்டும் சண்டை போடுவார். அது சுற்றினால் தாள்கள் பறக்கும், நிறுத்தினால் நாங்கள் வேர்த்துக் கொட்டுவோம்.

எங்களிடம் இல்லாதது ஒரு டபுள் பேஸ். ஆளைவிட உயரமாக நிற்கும் வயலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வாத்தியங்களுக்கும் அடியில் ஓடும் கனத்த ஒலி அதிலிருந்துதான் வர வேண்டும். நாங்களோ அந்தப் பகுதியை வருடக்கணக்காக ஒரு கீபோர்டில் வாசித்துச் சமாளித்தோம். தேங்காய்ப்பால் விடாத சொதி மாதிரி இருக்கும். கேட்பவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் ஒரு அறக்கட்டளை இணையத்தில் போட்டி ஒன்று அறிவித்தது. சிறிய அமைப்புகள் தங்கள் தேவையை எழுதி அனுப்பலாம், பொதுமக்கள் வாக்களிப்பார்கள், அதிக வாக்கு எடுத்த ஒன்றுக்கு மட்டும் நிதி கிடைக்கும். ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு வாக்கு. இலக்கத்தைப் பதிந்தால் அந்தப் போனுக்கு ஓடிபி வரும். அதைச் சில நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும், விட்டால் செல்லாது. எங்கள் விண்ணப்பமும் பட்டியலில் வந்துவிட்டது. நடத்துனர் வாட்ஸ்அப்பில் எல்லாரையும் கும்பிட்டார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேளுங்கள் என்றார்.

எனக்குள் இப்படி ஒரு பேய் இருந்தது என்று அதுவரை எனக்கே தெரியாது. வெள்ளவத்தையில் என் மாடியில் உள்ள எல்லாக் கதவுகளையும் தட்டினேன். மரக்கறிக் கடைக்காரரின் போனை வாங்கினேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தவர்களை மடக்கினேன். ஒரு செத்த வீட்டில், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரிடமும் கேட்டேன் என்பதை இப்போது சொல்லவே கூசுகிறது. அலுவலகத்தில் சத்தியக்கடதாசிக்குக் கையொப்பம் வைத்தவர்களிடம், "கையோட உங்கட போனையும் ஒருக்காத் தாங்கோ" என்பேன். யார் எத்தனை வாக்குக் கொண்டு வந்தார்கள் என்று நடத்துனர் ஒவ்வொரு நாளும் குழுவில் போடுவார். என் பெயர் எல்லாருக்கும் மேலே நிற்கும். ஒரு முறையாவது நான் முதல் வயலினாக இருந்தேன், வேறென்ன.

பட்டியலில் எங்களுக்கு நேர் மேலே ஒரு பாலம் இருந்தது. மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், நடுவில் ஒரு ஆறு, குறுக்கே இரண்டு மரக்குற்றிகள். பள்ளிக்கூடச் சீருடையில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடக்கிறார்கள். மழை பெய்தால் குற்றிகள் தண்ணீருக்குள் போய்விடும், அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தப் படத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த இடம் வந்ததும் விரலால் வேகமாக உருட்டிவிடப் பழகிக்கொண்டேன்.

என் வீட்டுக்குச் செவ்வாயும் சனியும் வேலைக்கு ஒரு பெண் வருவாள். நாற்பது வயது இருக்கும். மலையகத்தில் தோட்டத்தில் பிறந்தவள், கல்யாணம் கட்டி வந்து கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். எங்கள் ஒத்திகை மண்டபத்தில் இருந்து அவள் வீடு ஐந்து நிமிட நடை. அதிகம் கதைக்க மாட்டாள். கதைத்தால் முகத்துக்கு நேரே கதைப்பாள். நான் வயலின் பழகும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வேலை செய்வாள். அதை நான் அவளுக்கு மன்னித்திருந்தேன்.

போட்டி முடிய நாலு நாள் இருந்த செவ்வாய்க்கிழமை. நாங்கள் இரண்டாம் இடத்தில் நின்றோம், பாலம் முதலாவது. அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வாக்கை இவ்வளவு நாளும் எப்படி மறந்தேன் என்று என்மீதே கோபம் வந்தது.

"உம்மட போனை ஒருக்காத் தாரும். ஒரு வோட் போட வேணும்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பாவாடையில் துடைத்தபடி எழும்பினாள்.

"நானே ஒங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு இருந்தேம்மா. நேத்து தங்கச்சி போன் போட்டுச்சு. எங்க தோட்டத்துப் பாலம் போட்டியில வந்திருக்காம். கொழும்புல படிச்சவங்க யார்கிட்டயாச்சும் குடுத்து ஓட்டுப் போடச் சொல்லிச்சு. அதோட மக அந்த ஆத்தைத் தாண்டித்தான் ஸ்கூலுக்குப் போகுது."

போன் ஏற்கெனவே என் கையில் இருந்தது. அவள் பேசி முடிப்பதற்குள் நான் இலக்கத்தைப் பதிந்துவிட்டேன். ஓடிபி வந்து விழுந்தது. என் பெருவிரல் திரைக்கு மேலே நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம்.

"பாலத்துக்குத்தானேம்மா?"

"ஓம்" என்றேன்.

அப்படிச் சொன்னபடியே இசைக்குழுவுக்குப் போட்டேன்.

ஏன் என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். ஒரு வாக்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று சொல்லலாம். உண்மை அதைவிடச் சின்னது, அதனால்தான் அதிகம் வெட்கமாக இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் போனைத் திருப்பிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இரண்டு நிமிடத்தில் அவள் போனுக்கு இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. இன்ன இசைக்குழுவுக்கு வாக்களித்தமைக்கு நன்றி என்று ஆங்கிலத்தில். அதை அழித்தேன். அழித்துவிட்டுத்தான் போனைக் கொடுத்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கேட்டாள்: "எங்க வீட்டுப் பக்கத்துல எங்க தோட்டத்து ஆளுங்க நாலு பேரு இருக்காங்கம்மா. அவங்க போனையும் கொண்டாரவா?"

நிறுத்துவதற்கு இதைவிட நல்ல இடம் எவருக்கும் கிடைக்காது.  நான், "கொண்டு வாரும்" என்றேன்.

சனிக்கிழமை காலை தலை துவட்டும் ஒரு துவாயில் சுற்றி, அதை ஒரு கடைப் பைக்குள் வைத்து நாலு போன் கொண்டு வந்தாள். மேசையில் வைத்துத் துவாயை விரித்தாள். ஒன்றின் கண்ணாடி சிலந்தி வலையாய் வெடித்திருந்தது. ஒன்றுக்கு ரப்பர் வளையம் போட்டிருந்தது, இல்லாவிட்டால் பற்றரி கழன்று விழுந்துவிடுமாம். ஒன்றின் உறைக்குள் முருகன் படம். எந்தப் போன் யாருடையது, எதற்கு என்ன இலக்கம் என்று ஒரு துண்டில் எழுதி வாங்கி வந்திருந்தாள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் நாலு பெண்கள், அரை நாள் போன் இல்லாமல் இருந்துகொள்கிறோம் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு அம்மா பாலத்துக்கு ஓட்டுப் போட்டுத் தருகிறாராம் என்ற நம்பிக்கையில்.

அவள் குளியலறை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் நாலையும் போட்டேன். வந்த நன்றிச் செய்திகளை ஒவ்வொன்றாக அழித்தேன். முருகன் படம் இருந்த போனுக்கு மட்டும் செய்தி வரவில்லை. சிலவேளை வராது, சிக்னல் பிரச்சினை என்று விட்டுவிட்டேன். துவாயை நானே மடித்துச் சுற்றிக் கொடுத்தேன்.

அடுத்த செவ்வாய் அவள் ஒரு பை நிறைய லீக்ஸும் கரட்டும் கொண்டு வந்தாள். ஊரில் இருந்து வந்த யாரிடமோ தங்கச்சி கொடுத்து அனுப்பியதாம். "ஒங்களுக்குத்தாம்மா. கஷ்டப்பட்டு எல்லாருக்கும் போட்டுக் குடுத்தீங்கன்னு சொன்னேன்." நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று மத்தியானமே லீக்ஸை முட்டையோடு வறுத்துச் சாப்பிட்டேன். தொண்டையில் சிக்கியது, விக்கியது என்றெல்லாம் எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ருசியாகத்தான் இருந்தது.

நாங்கள் வென்றோம். பாலம் இரண்டாவது. வித்தியாசம் ஐந்து வாக்கல்ல, அதைவிட எவ்வளவோ அதிகம். அந்த ஐந்தும் இல்லாவிட்டாலும் நாங்கள்தான் வென்றிருப்போம். இதைச் சொல்லிச் சொல்லியே பல நாள் என்னைத் தடவிக் கொடுத்தேன். நடத்துனர் தொலைபேசியில் அழுதுவிட்டார். "அக்கே, உங்களாலதான்" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். அவர் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

முடிவு வந்த பின் இரண்டு தடவை அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் தடவை வந்தாள். ஒன்றும் சொல்லாமல் வீடு முழுவதும் கூட்டித் துடைத்தாள், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள், வாளியை உரிய இடத்தில் வைத்தாள். பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ஒரு போன்ல மெசேஜ் இருந்துச்சும்மா. பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டிச்சு."

எந்தப் போன் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஒங்ககிட்ட காசு வாங்கிட்டு ஓட்டை வித்துட்டேன்னு சொல்றாங்க. ஊருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. தங்கச்சி நான் எடுத்தாப் பேச மாட்டேங்குது." குரல் உடையவில்லை. கோபம்தான் இருந்தது. "பாலம் போனாப் போகுது. நீங்க ஒருவாட்டி வந்து, இவ காசு வாங்கலை, இதுதான் நடந்துச்சுன்னு அவங்ககிட்ட சொல்லணும்."

"வாறன்" என்றேன். "இந்த ஞாயிறே வாறன். ஒத்திகைக்கு எப்படியும் அங்கதானே வர வேணும்."

அந்த ஞாயிறு எனக்குத் தலையிடி. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, ஆனாலும் அவள் வீடு இருக்கும் ஒழுங்கையின் முகப்பு வந்தபோது ஓட்டோவுக்குள் குனிந்து வயலின் பெட்டியின் கொளுக்கியைச் சரிபார்த்துக்கொண்டே தாண்டிவிட்டேன். அவள் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். திரும்பக் கேட்கவில்லை. வயலின் எடுத்தால் சமையலறைக் கதவை இப்போது சாத்துவதுமில்லை. அது எனக்கு என்னவோ செய்தது.

டபுள் பேஸ் வருகிறது என்று செய்தி வந்தது. அது மண்டபத்துக்குள் நுழைய முன் இதை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. சனிக்கிழமை அவளிடம், "நாளைக்கு நிச்சயம்" என்றேன். என்ன சொல்வது என்று வசனங்களை மனதுக்குள் அடித்துப் பார்த்தேன். நான் பொய் சொன்னேன். அவள் கேட்டாள், நான் ஓம் என்றேன். செய்திகளையும் நானே அழித்தேன். மூன்று வசனம், அலுவலகத்தில் இதை அரை நிமிடத்தில் அடிப்பேன்.

ஒழுங்கை வாசலில், "மல்லி, மெதன நவத்தன்ன" என்று சிங்களத்தில் சொல்லி ஓட்டோவை நிறுத்தி இறங்கினேன். பொதுக் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு வைத்திருந்தார்கள், எனக்காக. நாலு பெண்களும் நின்றார்கள். அவள் கொஞ்சம் தள்ளி, தன் வீட்டுக் கதவடியில் நின்றாள். வயலின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர்களில் மூத்தவர், அறுபதுக்கு மேல் இருக்கும், முருகன் படம் வைத்த போனைக் கையில் பிடித்திருந்தார். நேரே கேட்டார்:

"இவ காசு வாங்கினாளாம்மா?"

"இல்லை. ஒரு சதமும் வாங்கேல்லை. சத்தியமா."

"அப்ப ஏன் இதுல பாட்டுக் கோஷ்டி பேரு இருக்கு?"

மூன்று வசனமும் நாக்கு நுனியில் இருந்தன. நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. புதுக்கடையில் பழகிய வாய், வழுக்கிக்கொண்டு போனது.

"அதில ஒரு விளக்கக் குறைவு நடந்து போச்சு. நான் எங்கட இசைக்குழுவுக்கு எண்டுதான் போனைக் கேட்டனான். அவ பாலத்துக்கு எண்டு நினைச்சிட்டா போல. ஒருத்தரிலையும் பிழையில்லை."

சொல்லும்போதே எனக்குக் கேட்டது, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. நிறுத்தியிருக்கலாம். இல்லை, அப்படியில்லை என்று திருத்தியிருக்கலாம். பெண்களின் முகங்கள் இளகத் தொடங்கிவிட்டன. அந்த இளக்கம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார். "கூறுகெட்டவளே, என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனைக் குடுக்க மாட்டியா? எங்களையும் சேத்து ஏமாளி ஆக்கிட்டியே!" மற்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, வாரக்கணக்கில் இருந்த இறுக்கம் போன சிரிப்பு. ஒருத்தி, "இவ எப்பவுமே அப்படித்தான், பாதி கேட்டுட்டு ஓடுவா" என்றாள். அவள் காசுக்கு விற்றவள் இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்றும் விளங்காதவள் என்று ஆகிவிட்டது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? வெள்ளவத்தையில் இருந்து ஓட்டோ பிடித்து, வயலினோடு வந்து கதிரையில் இருக்கும் அம்மா சத்தியம் பண்ணிச் சொல்லிவிட்டாரே.

எனக்குச் சோடா வாங்கி வந்து கொடுத்தார்கள். குடித்தேன். எழும்பினேன். வழி காட்ட அவள் ஒழுங்கை முகப்பு வரை கூட வந்தாள். மண்டபம் எனக்குத் தெரியாத இடமா என்ன. வீதிக்கு வந்ததும் நின்றாள்.

"நான் கேட்டேனேம்மா" என்றாள்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் காத்திருக்கவில்லை, திரும்பி நடந்தாள். அந்தச் செவ்வாயும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. சேர வேண்டிய சம்பளத்தை வாங்க அவள் கணவர் வந்தார். அவரிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அங்கிருந்து நேரே மண்டபத்துக்குள் நுழைந்தபோது டபுள் பேஸ் வந்து மூலையில் சாய்ந்து நின்றது. வார்னிஷ் மணந்தது. நடத்துனர் அன்று மட்டும் மின்விசிறியோடு சண்டை போடவில்லை. இது சனங்கள் தந்தது, முகம் தெரியாத எத்தனையோ பேர் தங்கள் போனை எடுத்து எங்களுக்காகத் தந்தது என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னார். தமிழில் சொல்லும்படி என்னைக் கேட்டார். சொன்னேன். பிறகு அந்தக் கனத்த நரம்பில் முதல் தடவையாக வில் விழுந்தது. தரை அதிர்ந்து என் கால் வழியே ஏறியது. இத்தனை வருடம் எங்கள் இசையில் என்ன இல்லாமல் இருந்தது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.